ஃபியூஸ் பிடுங்க வந்தவர்

என் பெரியம்மாவின் கடைசி மருமகள் வீட்டிலேயே துணி தைப்பவள். கரண்ட் கட்டணம் ஏறிக்கொண்டே போனதால், பழைய பாக்கியைத் தவணையில் அடைப்பதற்குள் புதிய பாக்கி சேர்ந்துவிட்டது. ஒரு நாள் கரண்ட் ஆபீஸ்காரர் ஃபியூஸைப் பிடுங்க வந்தார்.

“அக்கா, இன்னைக்கு விட முடியாது.”

“இந்தச் சட்டைக்கு ஒரு கை மட்டும் தச்சுக்கறேன் தம்பி. கூலி வந்தாத்தானே உங்களுக்கே கட்ட முடியும்?”

அவர் வாசலில் காத்திருந்தார். தைத்து முடித்ததும், அவர் ஏறி நிற்கத் தன் முக்காலியையே நகர்த்திக் கொடுத்தாள்.

“அழுவீங்கன்னு பயந்தேன்கா.”

“அதுக்கும் பில்லு போடுவீங்களே!” என்றாள், சிரிக்காமல்.

ஃபேன் நின்றது. தையல் மெஷினின் மோட்டார் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, கால்மிதிக்கு உண்டான பழைய பெல்ட்டை மாட்டினாள். மெஷினை ஜன்னலோரம் இழுத்துப்போட்டு அடுத்த துணியை எடுத்தாள்.