உயரத்துக்குப் பன்னிரண்டு

ஹிலாரியா போமாவுக்குப் பட்டம் கிடையாது. படிப்பை முடித்துவிட்டு ஆய்வேடு தேறாமல் நிற்பவர்கள் லா பாஸ் நகரத்தில் ஏராளம். தடுக்கி விழுந்தால் அப்படி ஒருவர் மேல்தான் விழ வேண்டும். ஆனால் இவள் அம்மா தோன்யா சதுர்னினா, மேலே எல் ஆல்தோ சந்தையில் ஊதாச் சோளக் கஞ்சி விற்பவள், வருகிறவர் போகிறவர் எல்லார் முன்னாலும் மகளை "லிசென்சியாதா" என்றே கூப்பிடுவாள். பட்டம் வாங்கியவள் என்று பொருள். இந்தப் பொய் எப்படி முளைத்தது என்று எனக்குத் தெரியும். அவள் படித்த வேதியியல் துறையில் கண்ணாடிக் குழாயும் வெப்பமானியும் எடுத்துக் கொடுக்கும் சாமான் அறைக்காரன் நான். இப்போது ஓய்வு பெற்றாயிற்று, யாருக்கும் பயந்து பேச வேண்டியதில்லை.

ஹிலாரியா ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது தோலாச் செடி. மேட்டு நிலத்தில் நாங்கள் அடுப்பெரிக்கப் பிடுங்கும் புதர். அதன் இலையை மாதக்கணக்கில் ஊறவைத்து, வடித்து, சுண்டவைத்து, கடைசியில் ஊசி ஊசியாக ஒரு வெள்ளைப் பொருளை எடுத்தாள். அது உலகம் அறிந்த பொருளா, புதியதா என்பதுதான் கேள்வி. புதியது என்றால் பட்டம் நிச்சயம்.

அதைச் சொல்வது உருகுநிலை. ஒரு முனை அடைத்த மெல்லிய குழாயில் பொடியைத் தட்டித் தட்டி இறக்கி, வெப்பமானியோடு சேர்த்துக் கட்டி, எண்ணெயில் தொங்கவிட்டு, மெல்ல மெல்லச் சூடேற்ற வேண்டும். அவசரக்காரனுக்கு இந்த வேலை ஆகாது. கலப்படப் பொருள் இழுத்து இழுத்து உருகும். சுத்தமானது ஒரே நொடியில் கண்ணாடியாகிவிடும். ஹிலாரியாவின் பொடி அப்படித்தான் உருகியது, நூற்றைம்பத்தாறு டிகிரியில். புத்தகத்தில் அதே சாயலில் இருந்த பொருளுக்கு நூற்றறுபத்தெட்டு. புதியதுதான் என்று அவள் என் அறைக்கு ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள்.

அந்தச் சந்தோஷத்தைக் கெடுத்தது ஒரு காகிதத் துண்டு. மலைமேல் காற்று மெலிந்த எங்கள் ஊரில் தண்ணீர் எண்பத்தெட்டிலேயே கொதித்துவிடும். பயறு வேகாது, பந்து தறிகெட்டுப் பறக்கும், கீழே இருந்து வருகிறவனுக்கு மூச்சு வாங்கும். எதற்கும் உயரத்தைக் கூட்டிக் கணக்குப் போடுவது எங்கள் ரத்தத்தில் ஊறிய பழக்கம். யாரோ ஒரு பழைய பேராசிரியர் கொதிநீரில் வெப்பமானியைச் சோதித்து, நூறுக்குப் பன்னிரண்டு குறைகிறதே என்று உருகுநிலைக் கருவியின் மேல் "உயரத்துக்குப் பன்னிரண்டு கூட்டவும்" என்று எழுதி ஒட்டிவிட்டுப் போய்ச் சேர்ந்தார். கொதிப்பதற்குத்தான் காற்றோடு மல்லுக்கட்டு. உருகுவதற்குக் காற்று ஒரு பொருட்டில்லை. கடற்கரையானாலும் மலையானாலும் அதே சூடுதான்.

மாணவர்கள் தெரிந்த பொருளை உருக்கும்போது இது வெளிப்பட்டிருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். அவர்கள் எங்கே உருக்கினார்கள்? புத்தகத்து எண்ணைப் பார்த்து எழுதினார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். எங்கள் துறையில் அதை வைத்தே எல்லாரும் பாஸ் பண்ணினார்கள்.

அவளுடைய வழிகாட்டி டாக்டர் பெனவெந்தே எண்ணைக் கேட்டதும் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"உயரத்தக் கூட்டினியாம்மா?"

ஹிலாரியா நாக்கைக் கடித்துக்கொண்டாள். பேனாவை எடுத்து அவளே கூட்டினாள். நூற்றறுபத்தெட்டு. தெரிந்த பொருள். தன் கையாலேயே தன் கண்ணைக் குத்திக்கொண்டாள், அதுவும் நன்றாகக் குத்தினோமா என்று சரிபார்த்து. தேர்வுக் குழுவில் இருந்தவர்கள், தெரிந்த பொருளைத் தெரிந்த வழியில் எடுத்ததற்கு ஒரு ஆய்வேடா என்று கேட்டுத் தள்ளிவிட்டார்கள்.

கதவுக்கு வெளியே தோன்யா சதுர்னினா புதுத் தொப்பி வைத்துக்கொண்டு, பை நிறைய மிக்ஸ்தூராவோடு காத்திருந்தாள். தேறி வருகிற பிள்ளையின் தலையில் கொட்டும் வண்ணக் காகிதப் பொடி அது. மகள் வெளியே வந்ததும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பையை அப்படியே தலையில் கவிழ்த்துக் கட்டிக்கொண்டாள். நான் கொண்டாட்டத்துக்கு வாங்கிய சால்தேனியாப் பலகாரத் தட்டோடு பக்கத்தில் நின்று, சொல்லிவிடு என்று கண்ணைக் காட்டினேன். அவளால் முடியவில்லை. சீக்கிரமே வேறொரு ஆய்வு செய்து இதை உண்மையாக்கிவிடுகிறேன் என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

எங்கே ஆக்கினாள்? வயிறு இருக்கிறதே. அதே துறையில் உதவியாளராகச் சேர்ந்தாள், பிறர் ஆய்வேடுகளுக்குப் பொடி உருக்கினாள். காலையில் வேலைக்கு இறங்குமுன் அம்மாவின் கடையில் நிற்பாள். "குடி, லிசென்சியாதா" என்று கிண்ணம் வரும். பக்கத்துக் கடைக்காரிகள் மரியாதையாக நகர்ந்து இடம் கொடுப்பார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு மருந்து குடிப்பதுபோல் குடிப்பாள். இப்படியே தலை நரைக்கத் தொடங்கிவிட்டது.

பிறகு எங்கிருந்தோ நன்கொடையாக உருகுநிலை பார்க்கும் ஒரு மின்கருவி வந்தது, கூடவே சரிபார்க்க ஒரு சோதனைப் பொடி. புட்டியிலேயே அதன் உருகுநிலை அச்சிட்டிருந்தது. ஹிலாரியா உருக்கினாள். அச்சடித்த எண்ணிலேயே உருகியது. பன்னிரண்டு குறையவில்லை. கருவிக்கு நம் ஊர் உயரம் இன்னும் பழகவில்லை என்றார் பெனவெந்தே. பழகட்டும் என்று மறுபடி போட்டாள். அதே எண். இழுப்பறையின் அடியிலிருந்து தன் பழைய புட்டியைத் தேடி எடுத்துவந்து அதையும் போட்டாள். நூற்றைம்பத்தாறு.

தேடிப் பார்த்ததில், எல்லைக்கு அந்தப் பக்கம் சிலி நாட்டுக்காரர்கள் அதே செடியில் அதே பொருளை எடுத்து, பெயரும் வைத்து முடித்திருந்தார்கள். பெனவெந்தே, அன்றைக்குப் போரில் நம் கடற்கரையைக் கொண்டுபோனார்கள், இன்றைக்குப் புதரையுமா என்று சிரிக்கப் பார்த்தார். பழைய கருவியில் இருந்த காகிதத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டே சொன்னார்:

"யாரும் வேணும்னு செய்யலம்மா. நீயுந்தான கூட்டின."

அந்த ஆள் வாழ்நாளில் சொன்ன ஒரே உண்மை அதுதான். அதை அவளிடமா சொல்ல வேண்டும்? எனக்கு அவரை அறையலாம்போல் இருந்தது.

அன்று சாயங்காலம் கேபிள் காரில் அவளோடு நானும் மேலே போனேன். கடையில் கூட்டம் இல்லை. ஹிலாரியா கிண்ணத்தைத் தொடாமல், அன்றைக்கு நான் தேறவில்லை என்று அம்மாவிடம் சொன்னாள். தோன்யா சதுர்னினா அகப்பையைக்கூட நிறுத்தவில்லை.

"தெரியுமே. வெளிய வந்தப்பவே உன் மூஞ்சியப் பாத்தேன். மிக்ஸ்தூராவ வாங்கியாச்சு, என்ன செய்ய? கொட்டிட்டேன்."

"அப்புறம் ஏம்மா இத்தன வருசமா அப்படிக் கூப்பிட்ட?"

"கூப்பிட்டுக்கிட்டே இருந்தா என்னைக்காவது ரோசம் வந்து முடிச்சிருவன்னு பாத்தேன்."

ஹிலாரியா பெஞ்சில் உட்கார்ந்தாள். தான் முதலில் கண்டதுதான் சரி, அது இன்றைக்குத்தான் தெரிந்தது என்றாள். கிழவி முதல் முறையாக அகப்பையைக் கீழே வைத்தாள்.

"அப்ப இனிமே பட்டத்தக் குடுப்பாங்களா?"

"மாட்டாங்கம்மா. வேற ஆளுங்க பேரு வச்சு முடிச்சிட்டாங்க."

தோன்யா சதுர்னினா அகப்பையை மறுபடி எடுத்துச் சட்டியை ஒரு கிண்டு கிண்டினாள். பிறகு கிண்ணத்தை மகள் பக்கம் தள்ளினாள்.

"குடி, ஹிலாரியா" என்றாள். "ஆறிடப் போகுது."