பென்சிலில் போட்ட டிக்

என் கையை யாராவது புகழ்ந்தால் எனக்குப் பயம் வந்துவிடும். ஒன்பதாம் வகுப்பில் ஒரு டீச்சர் அப்படித்தான் புகழ்ந்தார். எங்கள் பள்ளியில் மார்க் வாரியாக ஏ, பி, சி, டி என்று பிரித்திருந்தார்கள். நான் டி. ஏ பிரிவுப் பெண்கள் கணக்குப் போடும் நேரத்தில் எங்களைத் தையல் ரூமுக்கு அனுப்புவார்கள். கைத்தொழில் வகுப்பு என்று பெயர். அங்கே இரண்டு மெஷின். அதில் ஒன்றுக்கு ஊசி கிடையாது. மெஷின் கிடைக்காதவர்கள் லேப் பெஞ்சைத் துடைக்க வேண்டும், செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். நான் பட்டன் ஓட்டைக்குக் காஜா நன்றாக எடுப்பேன். "உனக்கு நல்ல கைம்மா, எங்க போனாலும் பொழச்சுப்ப" என்றார் அந்த டீச்சர். அதைப் பெருமையாக வீட்டில் வந்து சொன்னேன்.

"டீச்சரே சொல்லிட்டாங்களா?" என்றார் அப்பா. "அப்பால இன்னாத்துக்கு பத்தாவது?"

அதோடு என் படிப்பு முடிந்தது. டீச்சர் கெட்ட எண்ணத்தில் சொன்னதாக நான் நினைக்கவில்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தையில்தான் என்னைப் பள்ளிக்கூடத்துக்கு வெளியே நகர்த்திவிட்டார்கள் என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

கை நல்ல கைதான். அதில் பொய் இல்லை. மண்ணூர்பேட்டையில் ஒரு சின்னப் பட்டறையில் பதினாறு வருடமாக இருக்கிறேன். வண்டிகளுக்குப் போகும் புஷ் செய்கிறோம். இரும்பு வளையம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். கடைசல் மெஷினில் இருந்து இறங்கும் ஒவ்வொன்றையும் வெர்னியர் வைத்து அளந்து, சரியா தப்பா என்று சொல்வது என் வேலை. வெர்னியர் என்பது தாடை மாதிரி இரண்டு கொக்கி உள்ள அளவுகோல். பொருளைத் தாடைக்கு நடுவில் கவ்வ வைத்து, மேலே இருக்கும் கோடுகளைப் படிக்க வேண்டும். முடி கனத்தைக்கூட அதில் சொல்லிவிடலாம். தினமும் காலையில் முதல் வேலையாக நான் பொருளை அளப்பதில்லை. வெர்னியரையே பார்ப்பேன். தாடையை வெறுமனே மூடினால் பூஜ்யத்தில் நிற்கிறதா? நிற்காவிட்டால் அன்றைக்கு அது சொல்வதெல்லாம் பொய். மனிதர்களிடமும் எனக்கு இதே பழக்கம் வந்துவிட்டது. பேச ஆரம்பித்ததும் இவர் பூஜ்யத்தில் நிற்கிறாரா என்றுதான் முதலில் பார்ப்பேன்.

ஆனால் ரிப்போர்ட்டில் 'அளந்தவர்' என்ற கட்டத்தில் கையெழுத்துப் போடுவது நான் இல்லை. டிப்ளமா படித்த சூப்பர்வைசர் போடுவார். அவருக்கு வெர்னியர் படிக்கச் சொல்லிக்கொடுத்தது நான்தான். வாடிக்கையாளர் கம்பெனிக்காரர்கள் வந்து கேட்டால் படிப்பு உள்ளவர் கையெழுத்து வேண்டுமாம். சூப்பர்வைசர் நல்ல மாதிரி. "அக்கா, நீங்க சொன்னா கண்ண மூடிகினு போடுவேன்" என்பார். அவர் கண்ணை மூடிக்கொண்டு போடுவதில்தான் எனக்குப் பயமே.

இந்த வருடம் என் மகள் பத்தாவது முடித்தாள். மார்க் மோசம் இல்லை, பிரமாதமும் இல்லை. நெமிலிச்சேரியில் எங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில்தான் அவள் பள்ளி. பதினொன்றாம் வகுப்பில் கணக்கும் கம்ப்யூட்டரும் உள்ள குரூப் அவளுக்குக் கிடைக்க வேண்டும் என்பது என் ஆசை. வேறு எதுவும் அந்தக் கோடையில் என் தலையில் ஓடவில்லை.

பெற்றோர் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். வகுப்பு டீச்சர்தான் பேசினார். இனிமேல் மார்க்கை மட்டும் வைத்துக் குரூப் கொடுக்கப்போவதில்லையாம். பிள்ளைகளின் கைத்திறமையையும் பார்ப்பார்களாம். ஒரு நாள் எல்லாப் பிள்ளைகளுக்கும் கையால் செய்யும் வேலைகளைக் கொடுப்பார்களாம். பார்க்க வெளியிலிருந்து ஒரு இன்ஸ்ட்ரக்டர் வருவாராம். "இப்பல்லாம் சர்டிபிகேட்டுக்கு மதிப்பு இல்லம்மா, திறமைக்குத்தான் மதிப்பு" என்றார் டீச்சர்.

சர்டிபிகேட்டுக்கு மதிப்பில்லை என்று சொல்பவர்கள் எல்லோரிடமும் ஒரு சர்டிபிகேட் இருக்கிறது. இல்லாத நான் அதை எப்படி நம்புவேன்? கையில் திறமை உள்ள பிள்ளைகளை எந்தக் குரூப்புக்குத் தள்ளுவார்கள்? தொழில் கல்வி என்கிற ஒகேஷனல்தான். கணக்கு குரூப்பில் இடம் குறைவு என்று கேட் அருகே நின்ற ஒரு அம்மா சொன்னதும் எனக்கு எல்லாம் பொருந்திப் போயிற்று. தையல் ரூம் வேறு பெயரில் திரும்பி வந்திருக்கிறது.

வீட்டில் வந்து சொன்னேன். என் வீட்டுக்காரர் ஆட்டோ துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஆரம்பிச்சிட்டியாமே. நீ பால் பாக்கெட்ட கூட வெளிச்சத்துல புடிச்சி பாக்குற ஆளு."

"நான் டி பிரிவுல குந்தினு இருந்தவ. எனுக்குத் தெரியும் இன்னா பண்ணுவாங்கன்னு."

"அப்போ இன்னா பண்ணணுன்ற?"

என்ன பண்ணினேன் என்பதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. அந்த நாளில் அளக்கும் வேலையும் உண்டு என்று நோட்டீஸில் போட்டிருந்தது. என் மகளுக்கு ஆறாவதிலிருந்தே வெர்னியர் படிக்கத் தெரியும். பட்டறையில் கழித்துப்போட்ட பழையது ஒன்று வீட்டில் கிடக்கிறது. பாட்டில் மூடி, அவள் கம்மல், அப்பாவின் மோதிரம் என்று எல்லாவற்றையும் அளந்து தள்ளியிருக்கிறாள். அதனால் அவளை உட்கார வைத்துச் சொன்னேன்.

"எல்லாத்தையும் தப்பா எழுதிட்டு வா."

அவள் என்னையே பார்த்தாள். "ஏம்மா?"

"நல்லா செஞ்சா ஒகேஷனல்ல போட்ருவாங்க."

"தப்பா எழுதினா கணக்கு குரூப் குடுத்துடுவாங்களா?"

"இத வெச்சி தள்ளமாட்டாங்க இல்ல?"

"எவ்ளோ தப்பா எழுதணும்?"

அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். வேறு எந்த அம்மாவாவது இருந்தால் "எதையாச்சும் எழுது" என்று சொல்லியிருப்பாள். என் வாயிலிருந்து அது வரவில்லை. கண்டபடி எழுதுவதை என்னால் நினைத்துப் பார்க்கக்கூட முடியாது.

"ஒவ்வொண்ணுலயும் பாயிண்ட் ரெண்டு மில்லி கூட்டி எழுது" என்றேன்.

பொய்யைக்கூட அளந்து கொடுத்தேன்.

அந்த நாள் முடிந்து இரண்டு நாள் கழித்துப் பள்ளியிலிருந்து போன். மகளையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள். பட்டறையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் போனேன். பட்டறைக்குப் பக்கத்து ஸ்டேஷனான பட்டரவாக்கத்திலிருந்து நெமிலிச்சேரி வரைக்கும் ரயிலில் உட்கார இடம் இருந்தும் நான் உட்காரவில்லை.

வீட்டிலிருந்து மகளைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனேன். ரூமில் வகுப்பு டீச்சரும் அந்த இன்ஸ்ட்ரக்டரும் இருந்தார்கள். இன்ஸ்ட்ரக்டர் ஒரு பெண் என்று அப்போதுதான் தெரிந்தது. என் வயதுதான் இருக்கும். காட்டன் புடவை, காலில் பட்டறையில் போடும் கனத்த ஷூ. மேஜையில் ஐந்து இரும்புத் துண்டுகள், ஒரு வெர்னியர், இரண்டு தாள்கள். முதல் தாளை என் பக்கம் நகர்த்தினார்.

"இது வேற ஒரு பொண்ணு எழுதுனது. பாருங்க. ஒண்ணுல பாயிண்ட் அஞ்சு கூட, ஒண்ணுல பாயிண்ட் மூணு கம்மி, ஒண்ணு சரியா இருக்கு. தெரியாதவங்க தப்பு இப்டித்தான் செதறிக் கெடக்கும்."

அடுத்தது என் மகளுடையது. பார்க்காமலேயே எனக்குத் தெரியும்.

"இதுல அஞ்சுமே தப்பு. அஞ்சுலயும் சரியா பாயிண்ட் ரெண்டு கூட. வெர்னியர்லதான் கோளாறுன்னு நெனச்சேன். மூடிப் பாத்தேன். பூஜ்யத்துல கரெக்டா நிக்குது." என் மகளைப் பார்த்தார். "இது நல்லா தெரிஞ்சவங்க பண்ற தப்பு. யாரும்மா சொல்லிக்குடுத்தது?"

மகள் தரையைப் பார்த்தாள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதுதான் எனக்கு அடி விழுந்த மாதிரி இருந்தது. பதினாறு வருடத்தில் ஒரு ரீடிங்கைக்கூட மாற்றிச் சொல்லாதவள் நான். மாற்றச் சொல்லி முதலாளியே கேட்டபோதுகூட முடியாது என்றவள்.

"நான்தாங்க" என்றேன். "நான் பட்டறைல இன்ஸ்பெக்ஷன்லதான் கீறேன். ஒகேஷனல்ல தள்ளிடுவீங்கன்னு பயந்துகினு சொல்லிட்டேன்."

வகுப்பு டீச்சருக்குக் கோபம் வந்துவிட்டது. "யாரும் யாரையும் தள்ளலம்மா. பிள்ளைங்க நல்லதுக்குத்தான் இவ்ளோ ஏற்பாடு. நீங்க ஏன் எல்லாத்தையும் சந்தேகமா பாக்கறீங்க?"

பதில் சொல்ல வாய் திறந்தேன். அப்போதுதான் அவர் கைக்கு அடியில் இருந்த விண்ணப்பப் படிவம் கண்ணில் பட்டது. மகளின் பெயர் எழுதிய படிவம். கீழே குரூப்புக்கான கட்டங்கள். பளபளப்பான இரும்பில் மயிர்க்கோடு கீறல் தேடுகிற கண் எனக்கு. ஒகேஷனல் கட்டத்தில் மெல்லிசாக, பென்சிலில், ஒரு டிக்.

"மிஸ், இத எப்ப போட்டீங்க?"

அவர் தாளை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். "அது சும்மா... எத்தன பேர் வருவாங்கன்னு ஒரு கணக்குக்காக போன மாசம் போட்டது."

"போன மாசம். பரீட்ச வெச்சது முந்தா நேத்து."

இன்ஸ்ட்ரக்டர் அந்தப் படிவத்தைத் திருப்பிப் பார்த்தார். அவருக்கும் இது புதுச் செய்தி என்று முகத்தில் தெரிந்தது. தெரிந்த மாதிரி எனக்குப் பட்டது என்று வேண்டுமானால் சொல்கிறேன்.

"ஒண்ணு கேக்கறேன் மிஸ், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க பொண்ண இந்த குரூப்ல சேப்பீங்களா?"

டீச்சர் ஜன்னலைப் பார்த்தார். இன்ஸ்ட்ரக்டர்தான் பேசினார். "சேக்க மாட்டாங்க. என் பையனையும் நான் சேக்கல, அதையும் கேட்ருங்க. அவனுக்கு ஒரு ஆணி நேரா அடிக்கத் தெரியாது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். இந்த அம்மா பூஜ்யத்தில் நிற்கிறார் என்று மனம் சொன்னது. உடனே, அப்படி நினைக்க வைக்கத்தான் சிரிக்கிறாரோ என்றும் சொன்னது.

மகள் மேஜைக்கு அருகில் வந்து, "மிஸ், இன்னொரு தாள் குடுங்க" என்றாள்.

வெர்னியரை எடுத்தாள். தாடையைக் கட்டை விரலால் துடைத்தாள், மூடினாள், பூஜ்யம் பார்த்தாள், தூக்கிப் பிடித்துத் தாடைக்கு நடுவில் வெளிச்சம் கசிகிறதா என்றும் பார்த்தாள். நான் சொல்லிக்கொடுத்ததில் ஒன்றையும் விடவில்லை. ஒரு துண்டை மூன்று இடத்தில் திருப்பித் திருப்பி அளந்த பிறகுதான் ஒரு எண் எழுதினாள். ஐந்தையும் அப்படியே முடித்தாள். தாளின் கீழே 'அளந்தவர்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் தன் கையெழுத்தைப் போட்டாள்.

இன்ஸ்ட்ரக்டர் தன் தாளோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தலையை ஆட்டினார். "உனுக்கு நல்ல..." என்று ஆரம்பித்தார்.

"கையின்னு சொல்லாதீங்க மேடம்" என்றேன். என் குரல் உரக்க வந்துவிட்டது.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "நல்ல கவனம்னு சொல்ல வந்தேன்" என்றார்.

மகள் கேட்டாள். "இந்த குரூப்ல கணக்கு இருக்கா மேடம்?"

"இருக்கு. மெக்கானிக்கல் பக்கம் எடுத்தா கணக்கு உண்டு."

"எங்க எழுதிகீது? காட்டுங்க" என்றேன் நான். பாடப் பட்டியலை எடுத்துக் காட்டினார்கள். இருந்தது. மேலே காலேஜுக்குப் போக முடியுமா என்று கேட்டேன். முடியும் என்றார் டீச்சர். எழுதிக் கொடுங்கள் என்றேன். "அப்டில்லாம் எழுதித்தர முடியாதும்மா" என்றார். இன்ஸ்ட்ரக்டர் ஒரு துண்டுத்தாளில் எந்தெந்தப் படிப்புக்குப் போகலாம், எங்கே விசாரிக்க வேண்டும் என்று எழுதி, கீழே கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். அதை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டேன்.

மகள் படிவத்தை வாங்கிக்கொண்டாள். பையிலிருந்து ரப்பர் எடுத்தாள். அந்தப் பென்சில் டிக்கை அழித்தாள். தூளை ஊதிவிட்டாள். எனக்கு நிம்மதியாக இருந்தது, ஒரு நிமிடத்துக்கு. பிறகு பேனாவைத் திறந்து அதே கட்டத்தில் டிக் போட்டாள்.

"ஏன்டி!"

"பென்சில்ல போட்டது அவங்க, அம்மா. இது நான் போட்டது."

"கம்ப்யூட்டரு?"

"அது உனக்குத்தான் ஆசை. எனக்கு இது புடிச்சிருக்கு. நீ கேக்கவே இல்ல. தப்பா எழுதுன்னு மட்டும் சொன்ன."

கேட்கவில்லைதான். டி பிரிவில் என்னையும் யாரும் கேட்கவில்லை.

பெற்றோர் கையெழுத்து என்ற இடத்தில் போட்டேன். போடுவதற்கு முன் படிவத்தை இரண்டு பக்கமும் படித்தேன், செல்போனில் படம் எடுத்தேன். டீச்சர் பெருமூச்சு விட்டார். விடட்டும்.

மாலையில் என் வீட்டுக்காரர் கேட்டார், "இன்னா ஆச்சி, ரிஜெக்டா பாஸா?" பாஸ் என்றாள் மகள்.

இப்போது அவள் போய்க்கொண்டிருக்கிறாள். வாரம் ஒரு முறை அவள் கணக்கு நோட்டை எடுத்துத் தேதி தேதியாகப் புரட்டுகிறேன். எங்கேயாவது இரண்டு நாள் விட்டிருந்தால், அந்த நேரத்தில் செடிக்குத் தண்ணீர் ஊற்ற அனுப்பினார்களா என்று கேட்கிறேன். "லீவு விட்டாங்கம்மா" என்கிறாள். கேலண்டரில் பார்த்துக்கொள்கிறேன். இதுவரை சரியாகத்தான் இருக்கிறது. துண்டுத்தாள் இன்னும் பர்ஸில்தான் இருக்கிறது.