தலைவியின் சிவப்பு அட்டை

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் அவளோடு போர்வை மடிக்கிறவர்கள் அவளைத் தலைவி என்றுதான் கூப்பிடுவார்கள். பாதி கேலி, பாதி மரியாதை. அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்கள் தாங்களே கூடி நடத்தும் சங்கத்துக்கு அவள் நிஜமாகவே தலைவி. நாற்பதைத் தாண்டியவள். ஒரு வார்த்தை வெளியே வருவதற்குள் கேட்கிறவருக்குக் கொட்டாவி வந்துவிடும். ஆனாலும் மேடை மேடையாக ஏறி ஒரே பேச்சைத்தான் பேசி வந்தாள்: "எங்களப் பத்தி முடிவெடுக்கிறப்ப எங்களையும் கேளுங்க."

அன்றைக்கும் பேசினாள். அதிகாரிகள் கை தட்டினார்கள். முன்வரிசை அம்மாள் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கையில் ஒரு பூங்கொத்தைத் திணித்தார்கள். அதோடு சரி. போன வருஷமும் இதே கதைதான். கேட்டது கிடைக்கவில்லை, பூ மட்டும் தவறாமல் கிடைத்துக்கொண்டிருந்தது. வேலையில் நின்று நின்று வீங்கிய காலை இழுத்துக்கொண்டு அவள் வீடு திரும்பினாள்.

அண்ணனும் அண்ணியும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தார்கள். அவளைப் பார்த்த பிறகும் பேச்சை நிறுத்தவில்லை.

"டிரான்ஸ்ஃபர் கன்ஃபர்ம் ஆயிடுச்சு. அங்க குவார்ட்டர்ஸ் ரொம்பச் சின்னது. அதனால இவளுக்கு ஒரு மாற்று ஏற்பாடு..." என்றான் அண்ணன்.

"விடுதியில நல்லாப் பாத்துக்குவாங்களாம். பழகிடுவா," என்றாள் அண்ணி.

'மாற்று ஏற்பாடு' என்றால் என்ன என்று தலைவிக்குப் புரியவில்லை. பையிலிருந்து சிவப்பு அட்டையை எடுத்து உயர்த்தினாள். சங்கத்தில் அதுதான் சட்டம். புரியாவிட்டால் அட்டையைத் தூக்கலாம். பேசுகிறவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் நிறுத்தி, சின்னச் சின்ன வார்த்தையில் முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

"என்ன, ஃபுட்பால் ரெஃப்ரி மாதிரி என்னை ஆட்டத்துலேர்ந்து வெளிய அனுப்புறியா?" என்று அண்ணன் சிரித்தான். அவள் கையை இறக்கவில்லை. தோள் வலித்தது. அவன் சிரிப்பு மெல்ல அடங்கியது.

"நாங்க வேற ஊருக்குப் போறோம்மா," என்றான். "நீ... எங்ககூட வரல."

சின்ன வார்த்தையில் சொன்னால் ஒளிந்துகொள்ள இடமிருக்காது. அவன் தலை தானாகவே குனிந்தது.

அவள் அட்டையைக் கீழே வைத்தாள்.

"விடுதி வேணாம். என் வேலை... இங்க இருக்கு. சங்கம் இங்க இருக்கு. இந்த வீட்டிலயே இருக்கேன். சங்கத்துல ஒருத்தி... கூட வந்து இருக்கேன்னு சொல்றா. டிரான்ஸ்ஃபர்னு பேச்சு வந்தப்பவே... அவளக் கேட்டுட்டேன்."

மேடையில்கூட அவள் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. பாசக்காரன்தான், அதில் குறை சொல்ல முடியாது. "அடேங்கப்பா, எவ்வளவு அழகாப் பேசிட்ட!" என்று கை தட்டினான். அண்ணியும் சேர்ந்து தட்டினாள்.

தலைவியின் இன்னொரு கையில் மேடையில் கொடுத்த பூங்கொத்து இன்னும் இருந்தது. பூங்கொத்தை மேஜையில் போட்டாள். மறுபடி அட்டையைத் தூக்கினாள்.

"கை தட்டுனது புரியலண்ணா. சரியா, இல்லையா, அதச் சொல்லு."