அறுகிற நூலே போதும்

ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பின் வெள்ளியில் பதக்கம் செய்யப் பழகினேன். இலங்கை மலையகத்து லிந்துலையில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் பட்டறை. நன்றாக அமைந்த முதல் பதக்கம் ஒரு தேயிலை இலை. அதைத் தங்கை மகள் செல்விக்குக் கொடுத்தேன். அவள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவள்.

"கறுப்பு நூல்ல கோத்துக் குடுங்க மாமா, போதும்" என்றாள்.

"அறுந்து விழுந்தா எங்க போய்த் தேடுறது?" என்று சொல்லி, தடித்த நைலோன் கயிற்றில் கோத்து, முடிச்சை நெருப்பில் உருக்கி ஒட்டினேன். எனக்கு என் கைவேலை தொலையக் கூடாது, அவ்வளவுதான்.

மறுவாரம் மழையில், சரிவில் அவள் வழுக்கி விழுந்தாள். தலையில் மாட்டியிருந்த கூடைக் கயிறு நழுவிப் பதக்கக் கயிற்றில் சிக்கியது. கொழுந்து நிறைந்த கூடை பின்னால் இழுக்க, கழுத்து இறுகியது. பக்கத்தில் நின்ற பெண்கள் கூடையைத் தூக்கிப் பிடித்துக் கயிற்றை வெட்டியதால் பிழைத்தாள்.

"ஒங்க வெள்ளி பத்திரமா இருக்குங்க மாமா. என் கழுத்துதான் போகப் பாத்துச்சு" என்றாள். சிவந்த தழும்பைப் பார்க்க முடியாமல் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டேன்.

இப்போது பதக்கம் கேட்பவர்களிடம், என்ன வேலைக்குப் போகும்போது போடுவீர்கள் என்று முதலில் விசாரிக்கிறேன். கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் என்றால் சங்கிலி. மலைக்குக் கொழுந்து எடுக்க என்றால் மெல்லிய பருத்தி நூல்; வெடுக்கென்று இழுத்தால் அறுகிறதா என்று பார்த்தே கோக்கிறேன். செல்வியின் இலையையும் அப்படித்தான் மறுபடி கோத்துக் கொடுத்தேன்.

போன மாதம் செல்வி சிரித்துக்கொண்டே வந்தாள். "மாமா, கூடையில மாட்டி நூல் அறுந்துருச்சு. எலை எலையோட போயிருச்சு!"

அன்றே அடுத்த இலையை வெட்ட உட்கார்ந்தேன்.