கொடி ஒட்டிய வெடி: விஸ்வநத்தத்துக்கு ஒரு தூதுப் பயணம்

சர்வதேச உறவுகள் படிக்கும் இரண்டு மாணவர்கள் போன வாரம் இந்த வலைப்பூவில் ஒரு கேள்வி கேட்டிருந்தார்கள். தேசிய நலன், ராஜதந்திரம் என்று புத்தகத்தில் வருவதெல்லாம் நேரில் எப்படி இருக்கும் என்பது கேள்வி. நான் தூதர் அல்ல. அறுபதுகளில் சென்னையில் ஒரு வெளிநாட்டுத் துணைத் தூதரகத்தில் மொழிபெயர்ப்பாளனாக இருந்தேன், அவ்வளவுதான். எந்த நாடு என்று இப்போதும் எழுத மாட்டேன், அந்த வேலை கொடுத்த பழக்கம் அது. ஆனால் ஒரு புரட்டாசி மாதம் சிவகாசிப் பக்கம் போய்வந்த பயணம் உங்கள் கேள்விக்குப் பதிலாகலாம். அந்த வழியாகப் போகிறவர்களுக்கும் உதவும்.

மதுரைப் பக்கம் ஒரு கோயில் திருவிழாவில் அந்த நாட்டுக்காரர் ஒருவர் வெடி வெடிப்பதைப் பார்த்திருக்கிறார். காலடியில் வந்து விழுந்த காகிதத்துண்டில் அவருடைய நாட்டுக் கொடி. கிழிந்து, கருகி. அதை உறையில் போட்டு எங்களுக்கு அனுப்பிவிட்டார். விசாரித்ததில், சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தத்தில் சீனியம்மாள் என்ற பெண் நடத்தும் சின்னப் பட்டறையில் செய்த சரக்கு என்று தெரிந்தது. போய் நிறுத்திவிட்டு வரும்படி ஓர் இளம் அதிகாரிக்கு உத்தரவு. அவருக்கு வாயாக நான்.

எழும்பூரில் மாலை ரயில் ஏறினால் மறுநாள் காலை விருதுநகர். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அதிகாரி எனக்குப் பாடம் எடுத்தார். உலகத்தில் நாடுகளுக்கு மேலே போலீஸ் கிடையாது, அவரவர் நலனை அவரவர்தான் காத்துக்கொள்ள வேண்டும், மதிப்பும் பலத்தில் ஒரு பங்கு, சின்ன இடத்தில் அதை விட்டுக்கொடுத்தால் நாளை பெரிய இடத்தில் கேட்பார்கள் என்றார். நல்ல மனிதர். எதையும் யோசித்துத்தான் சொல்வார். ஆனாலும் ஒரு சின்ன வெடிக்கு இவ்வளவு தத்துவமா என்று எனக்குத் தோன்றியது.

விருதுநகரிலிருந்து சிவகாசி பதினேழு மைல். ஆமத்தூர், திருத்தங்கல் வழியாக வாடகைக் காரில் முக்கால் மணிக்குக் குறையாது. ஓட்டுநர் மைதீன் வழி நெடுகப் பேசிக்கொண்டே வந்தார். எங்கே போகிறோம் என்று கேட்டதும் குரல் இறங்கிவிட்டது.

"அந்தம்மாகிட்டயா? புருசன் போன பொறவு ஒத்தையில கம்பெனிய நடத்துறாக. தீவாளி சீசன்லதான் வருசத்துக்கும் சாப்பாடு. இந்த நேரத்துல லோடு நின்னா எந்திரிக்க முடியாது சார். பாத்துச் செய்யச் சொல்லுங்க."

கடைசி வாக்கியத்தை மட்டும் அதிகாரிக்கு மொழிபெயர்த்தேன். தலையாட்டினார்.

பட்டறை ஊருக்கு வெளியே, கரிசல் காட்டின் ஓரத்தில் மூன்று கொட்டகைகள். சீனியம்மாளுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். கையெல்லாம் வெடிமருந்துப் பொடி. "வாங்க, இம்புட்டுத் தூரம் வந்திருக்கீக. சாப்பிட்டீகளா?" என்று கேட்டுவிட்டு மோர் கொண்டுவரச் சொன்னார். அதிகாரி உறையைத் திறந்து கருகிய துண்டை மேசைமேல் வைத்தார்.

"நம்ம சரக்குதான்," என்றார் சீனியம்மாள், முகம் மலர்ந்து. "படம் நல்லா விழுந்திருக்கா?"

இது கொடிக்கு அவமதிப்பு என்று நான் சொன்னது அவருக்கு விளங்கவில்லை. போன வருசம் மழை பொய்த்தபோது பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பால் ஊற்றினார்களாம். பால்பொடி டின்னில் இந்தக் கொடி இருந்ததாம். இங்கே வேலைசெய்யும் பெண்களின் பிள்ளைகள் குடித்த பால். அதனால் இந்த வருசம் இந்தக் கொடியைப் போடலாமென்று எல்லாரும் சேர்ந்து முடிவு செய்தார்களாம்.

"நாங்க கும்புடுறதத்தான தம்பி வெடியில ஒட்டுவோம்? லட்சுமி படத்த ஒட்டி வெடிக்கிறோம். பிள்ளையார ஒட்டுறோம். வேண்டாதவுக படத்த யாராச்சும் காசு குடுத்து அச்சடிப்பாகளா?"

இதை நான் வார்த்தை விடாமல் சொன்னேன். அதிகாரி அந்தக் கருகிய துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு, "அவர் சொல்வதை நான் நம்புகிறேன். ஆனால் இந்தத் துண்டு என் ஊர்ப் பத்திரிகையில் வந்தால், பால்பொடிக் கதை கூடவே வராது," என்றார். மாவட்டக் கலெக்டருக்கு ஒரு வார்த்தை போனாலே பட்டறை லைசென்ஸைத் தோண்ட ஆரம்பிப்பார்கள் என்பதை அவர் சொல்லவில்லை. சீனியம்மாளும் கேட்கவில்லை. இருவருக்கும் தெரிந்திருந்தது. ராஜதந்திரம் என்பது பெரும்பாலும் இப்படிச் சொல்லாமல் விடுவதுதான்.

கொடிமேல் லட்சுமி படத்தை ஒட்டிவிடுகிறேன் என்றார் சீனியம்மாள். அடியில் கொடி இருக்குமே என்றார் அதிகாரி. ஈரம் வைத்து உரித்தால் பாதி வெடி நமத்துப்போகும் என்றார் சீனியம்மாள். கடைசியில் பேசி முடித்தது இதுதான்: கொடியை உரித்துவிட்டு லட்சுமியை ஒட்ட வேண்டும்; நமத்துப்போனது சீனியம்மாளின் நட்டம்; தூதரகம் யாருக்கும் எழுதாது, லோடு போகலாம். சீசன் பிழைத்தது. எனக்கு மூச்சு வந்தது.

பெண்கள் கொட்டகை வாசலில் உட்கார்ந்து ஈரத்துணியால் ஒற்றி ஒற்றி உரித்தார்கள். ஒருத்திகூடக் கிழிக்கவில்லை. உரித்த காகிதத்தை முறத்தில் அடுக்கினார்கள். அதிகாரி கார்ப்பக்கம் போகாமல் வெயிலில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் சீனியம்மாள் முறங்களோடு வந்தார். காகிதம் காய்ந்திருந்தது.

"இத என்ன செய்யட்டும்? குப்பையில போட மனசு வரல. உங்க ஊர்ல பழங்கொடிய என்ன செய்வீக?"

நான் கேட்டுச் சொன்னேன். அதிகாரி பதில் சொல்லத் தயங்கினார். "மரியாதையாக எரிப்போம்," என்றார்.

பட்டறைப் பக்கம் தீக்குச்சி கிழிக்கவே கூடாது. காட்டில் வெகுதூரம் நடந்து, புல்லில்லாத இடம் பார்த்துக் குவித்தோம். சீனியம்மாளே பற்றவைத்தார். அதிகாரி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றார். அதைப் பார்த்த பெண்கள், எதற்கென்று தெரியாமலே, கும்பிட்டு நின்றார்கள். 

தீ அணைந்ததும் சீனியம்மாள் என்னிடம் கேட்டார். கோபமில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "நீங்க எரிச்சா மருவாதி. எங்க பிள்ளைக சந்தோசமா வெடிச்சா அவமானமா தம்பி?"

மொழிபெயர்த்தேன். அதிகாரி குனிந்து, இரண்டு கையாலும் மண்ணை அள்ளிச் சாம்பலை மூடினார். 

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதம் பட்டறைகளைப் பார்க்கப் போகாதீர்கள், அவர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. தீப்பெட்டி, சிகரெட் எதையும் சட்டைப்பையில்கூட வைக்காதீர்கள். உள்ளே கூப்பிடாமல் நுழையாதீர்கள். வெயில் கடுமை, தண்ணீர் கையில் இருக்கட்டும்.

அந்த மாணவர்களுக்கு ஒன்று. அதிகாரி கெட்டவரில்லை, அவர் நாட்டின் நலனை ஒழுங்காகக் காத்தார். அவருக்குச் சம்பளமே அதற்குத்தான். அன்று அந்தக் காட்டில் ஒரு நாட்டுக்காகப் பேச ஆள் வந்திருந்தது. சீனியம்மாளுக்காகப் பேச அவருடைய நாட்டிலிருந்து யாரும் வரவில்லை. சென்னையிலிருந்து வந்திருந்த ஒரே இந்தியன் நான்தான். நான் வந்தது எதிர்த்தரப்புக் காரில்.