நீர்கொழும்பில் துரை பிடித்த கொடுவா

வேலைக்கான விண்ணப்பப் படிவத்தில் "பொழுதுபோக்கு" என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் "வாசிப்பு" என்று எழுதியிருந்தால் என் உத்தியோக வாழ்க்கை இவ்வளவு கேவலமாகத் தொடங்கியிருக்காது. அதுதான் உண்மையும்கூட. ஆனால் தோட்டத்தை நடத்த வந்த புதிய துரைக்கு மீன்பிடிப்பில் பைத்தியம் என்று யாரோ காதில் போட்டிருந்தார்கள். "தூண்டில் போடுதல், முக்கியமாகக் கடல் மீன்" என்று அழகான ஆங்கிலக் கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன்.

அதுவரை நான் கடலைப் பார்த்ததில்லை. அக்கரப்பத்தனைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன். எனக்குத் தெரிந்த ஒரே கடல் மீன் கருவாடு. எங்கள் தோட்டத்துக் கடைக்கு வந்த கருவாட்டுக்குத் தலை இருக்காது. ஆகவே மீன் எந்தப் பக்கமாக நீந்தும் என்பதில்கூட எனக்குத் தெளிவு கிடையாது.

வேலை கிடைத்தது. ஆபீஸில் இரண்டாவது கிளாக்கர். ஆனால் ஆறு மாதம் பார்த்துவிட்டு, துரைக்குப் பிடித்தால்தான் நிரந்தரம். நிரந்தரமானால்தான் குவாட்டர்ஸ். எனக்குக் கல்யாணமாகி ஏழு மாதம் ஆகியிருந்தது. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில் அப்பா, அம்மா, கல்யாணமாகாத அக்கா, நாங்கள் இருவர். எங்கள் தாம்பத்தியத்துக்கும் மற்ற உலகத்துக்கும் நடுவே அம்மாவின் பழைய சேலை ஒன்று கயிற்றில் தொங்கியது. சேலைக்கு இந்தப் பக்கம் நான் தும்மினால் அந்தப் பக்கத்திலிருந்து அப்பா, "சுக்குத் தண்ணி வைக்கச் சொல்லவாடா?" என்பார். அன்பான மனிதர்தான். அந்த அன்புதான் தாங்க முடியவில்லை.

என் மனைவிக்குக் குவாட்டர்ஸைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. தண்ணீர் பிடிக்கப் பீலிக்கரைக்குப் போகும் வழியில், யாரும் பின்னால் வராத நேரம் பார்த்துக் கேட்பாள்.

"என்னங்க, அங்க உள்ளுக்கு ஒரு கதவு இருக்குமா?"

"இருக்கும்."

"தாப்பா போடுற கதவா?"

துரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெள்ளைக்காரத் துரை கப்பலேறிப் போன பிறகு வந்த நம் நாட்டுத் துரை அவர். கொழும்பில் பிறந்து வளர்ந்தவர். தமிழைத் தோட்டத் துரைமாருக்காக வெள்ளைக்காரன் எழுதிய கைப்புத்தகத்தில் படித்திருந்தார். அதனால் வெள்ளைக்காரன் பேசுகிற தமிழையே பேசினார், அவன் செய்த பிழைகளோடு. அவனுடைய தொப்பி, அவனுடைய நாய், அவனுடைய இருமல் எல்லாம் வந்துவிட்டன. கிளப்பில் மட்டும் அவனுடைய நாற்காலி இன்னும் வரவில்லை. கிளப் சுவரில், கண்ணாடிப் பெட்டிக்குள், பழைய துரைமார் எங்கள் ஓயா ஆற்றில் பிடித்த ட்ரவுட் மீன்கள் பஞ்சடைத்து வாயைப் பிளந்தபடி வரிசையாக நின்றன. அவற்றுக்கு நடுவே தன் பெயர் போட்ட மீன் ஒன்று இருந்தால்தான் தன்னையும் மனிதனாக மதிப்பார்கள் என்று துரை நம்பினார். அதுவும் ட்ரவுட்டை வெட்கப்பட வைக்கிற மீனாக இருக்க வேண்டும். நீர்கொழும்புக் களப்பில், கடலை ஒட்டிய அந்த ஏரியில், கொடுவா இருக்கிறது, சின்ன மீன்களை வேட்டையாடித் தின்கிற ராட்சசன் என்று எங்கேயோ படித்துவிட்டார்.

"கிளாக்கர், நீ கடல் மீன் தெரியும், இல்லே?"

"தெரியுங்க சார்."

"நல்லது. சனிக்கிழமை நாம் போறான்."

போனோம். காரில் அட்டன், கினிகத்தேனை வழியாக இறங்க இறங்க எனக்குக் காது அடைத்தது. பிறகு வியர்த்தது. எங்கள் ஊரில் வியர்வை என்பது மலையில் வேலை செய்கிறவர்களுக்கு மட்டும் வருவது. சும்மா உட்கார்ந்திருக்கிற கிளாக்கருக்கும் வரும் என்பதை அன்றுதான் கண்டேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு வள்ளத்தில் ஏறினோம். ஏன் ஆறு மணி? தோட்டத்தில் பெரட்டு ஆறு மணிக்கு. ஆள் எல்லாம் வந்து வரிசையாக நிற்க வேண்டிய நேரம். மீனும் அப்படித்தான் வரும் என்பது துரையின் கணக்கு. களப்பைக் காகிதத்தில் வரைந்து, கோடு கிழித்து, மலையில் கொழுந்து பறிக்க ஆளுக்கொரு நிரை பிரித்துக் கொடுப்பதுபோல நிரை நிரையாகப் பிரித்து வைத்திருந்தார். ஒரு நிரைக்குப் பத்து நிமிஷம். "பிரமாதங்க சார்" என்றேன். அன்று நான் சொன்னவற்றில் அதிகம் வெட்கப்பட வேண்டியது இதுவல்ல.

வள்ளக்காரர் ஐம்பது வயது மனிதர். கழுத்தில் சிலுவை, வாயில் பீடி. தமிழும் சிங்களமும் ஒரே மூச்சில் பேசுகிறவர். காகிதத்தை எட்டிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"மாத்தயா, இப்ப தண்ணி வெளியால போவுது. அது..."

"ஷ்! பேசாதே. மீன் கேக்கும்."

அவர் தோளைக் குலுக்கிக்கொண்டு வாயை மூடினார். பிறகு தன்னுடைய கைத்தூண்டில் நூலை எடுத்து, ஒரு சின்ன மீனை உயிரோடு முள்ளில் குத்தி, பின்பக்கமாகத் தண்ணீரில் விட்டார். நூலின் மறுநுனியைக் கால் கட்டைவிரலில் சுற்றிக்கொண்டார்.

நான்கு மணி நேரம் நிரை பார்த்தோம். மீன் எதுவும் பேர் கொடுக்கவில்லை. கடைசி நிரை, களப்பு கடலோடு சேரும் வாய்க்குப் பக்கத்தில். அங்கே முன்பக்கம் கல்லைக் கட்டி இறக்கி வள்ளத்தை நிறுத்தினார் வள்ளக்காரர். துரையின் தக்கை கடல் பக்கமாக மெல்ல மிதந்து போய், நூல் நீண்டு, நின்றது. நான் தக்கையைப் பார்த்தபடி நிரந்தரத்தையும் தாழ்ப்பாளையும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தக்கை அசைந்தது. சும்மா அசையவில்லை. வந்த வழியே திரும்பியது. கடலை விட்டு எங்களைத் தாண்டி, உள்நாட்டுப் பக்கமாக, மேல் நோக்கிப் போயிற்று.

இங்கே ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். நான் மலைக்காரன். எங்கள் ஓயாவில் தண்ணீர் மேலிருந்து கீழே மட்டும் வரும். ஆயிரம் வருஷம் பார்த்துக்கொண்டு நின்றாலும் கீழிருந்து மேலே போகாது. தண்ணீருக்கு எதிராக ஒன்று போகிறதென்றால் அதற்கு உயிர் இருக்க வேண்டும். இவ்வளவு வேகமாகப் போகிறதென்றால் அது பெரிய உயிர்.

"சார்! புடிச்சிருச்சு! எதிர்த்து இழுக்குது சார்!"

துரை எழுந்து தூண்டில் தடியைச் சுண்டினார். தடி வில்லாக வளைந்தது. நூல் விறைத்தது. அதைவிடப் பயங்கரம், வள்ளமே திரும்பத் தொடங்கியது. கடலைப் பார்த்து இருந்த பின்பக்கம் மெல்ல மெல்ல அரைவட்டம் அடித்துக் களப்பைப் பார்த்து வந்து நின்றது.

"போட்டை இழுக்குது! கிளாக்கர், போட்டை இழுக்குது!"

"ராட்சசன் சார்! விட்டுறாதீங்க!"

துரையின் முகம் சிவந்தது. தொப்பி தண்ணீரில் விழுந்தது. அதுவும் மேல் நோக்கித்தான் மிதந்து போனது. அந்தத் தொப்பியை ஒரு நிமிஷம் கவனித்திருந்தால் எல்லாம் விளங்கியிருக்கும். நான் கவனிக்கவில்லை. படித்தவன்.

அரை மணி நேரம் போராட்டம். நடுவில் வள்ளக்காரர் வாயைத் திறக்கப் பார்த்தார். துரை முறைத்தார். வள்ளக்காரர் பீடியை மாற்றிக்கொண்டார். திடீரென்று அவருடைய கால் விரல் வெடுக்கென்று நிமிர்ந்தது. அவசரமில்லாமல் நூலைக் கைக்கு மாற்றி, விட்டு விட்டு இழுத்து, வெள்ளியாக மின்னிய ஒரு கொடுவாவை வள்ளத்துக்குள் கொண்டுவந்து போட்டார். என் கை நீளம் இருந்தது. அதே நேரம் துரையின் நூல் படீரென்று அறுந்தது. அவர் மல்லாந்து மீன்மேல் விழுந்தார்.

மீன் அவருக்கு அடியில் வாலை அடித்தது.

துரை எழுந்தார். மீனைப் பார்த்தார். அறுந்த நூலைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு யோசனை விடிந்தது.

"இது என் மீன். நான் களைப்பாக்கினேன். அறுத்து ஓடிச்சு. இவன் சும்மா எடுத்தான்." என் பக்கம் திரும்பினார். "கிளாக்கர், ஒரே மீன்தானே?"

மீனின் வாயில் வள்ளக்காரரின் துருப்பிடித்த முள் ஒன்று மட்டும் இருந்தது. பக்கத்தில் தண்ணீருக்குள், கண்டல் மரத்தின் வேர் ஒன்றில், துரையின் நூலின் மிச்சம் கொடியாக ஆடிக்கொண்டிருந்தது. நான் மூன்றையும் பார்த்தேன். பிறகு அம்மாவின் சேலையை நினைத்தேன்.

"ஒரே மீன்தாங்க சார்."

வள்ளக்காரர் இப்போதுதான் வாயைத் திறந்தார். "மாத்தயா, ஒங்கள இழுத்தது தண்ணி. கடல் ஏறுது. தினமும் ஏறும். அது திரும்புற நேரந்தான் மோதா, ஒங்க கொடுவா, இரைக்கு வரும். காலையில சொல்ல வந்தன்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "பொறவு இந்த மாத்தயா கடல் தெரிஞ்சவர்னு சொன்னாங்க. சும்மா இருந்துட்டன்."

ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுபோன கொடுவா அட்டன் வருவதற்குள் தன் வருகையை அறிவிக்கத் தொடங்கியது. கிளப்பில் அதை மேசையில் கிடத்தினார்கள். நான் பின் வராந்தாவில் நின்றேன். கூப்பிட்டபோதெல்லாம் உள்ளே போய், "ஆமாங்க சார், போட்டையே இழுத்துச்சு" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். மூன்றாவது முறை கூப்பிட்டபோது வள்ளத்தை மீன் கால் மைல் இழுத்துப் போயிருந்தது. நான் தூரத்தைத் திருத்தவில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் எல்லாரும் பாராட்டினார்கள். ஆனாலும் துரைக்கு நாற்காலி கிடைத்தது.

அந்த மாதமே எனக்கும் கடிதம் வந்தது. நிரந்தரம். கூடவே இன்னொரு வரி: உடனே மேற்பிரிவு ஆபீஸுக்குப் போக வேண்டும். மேற்பிரிவு என்பது தோட்டத்தின் கடைசி உச்சி. ஆறு மைல் ஏற்றம், வருஷத்தில் பாதி நாள் மேகத்துக்குள். உண்மை தெரிந்தவனைக் கண்ணெதிரே வைத்துக்கொள்ள எந்தத் துரைக்குத்தான் பிடிக்கும்? அவர் புத்திசாலிதான் என்று அன்றுதான் ஒப்புக்கொண்டேன். என்னைப் பற்றி நானே வைத்திருந்த மட்டமான அபிப்பிராயத்தை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.

பீலிக்கரை வழியில் வைத்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேர், தண்ணீர், பொய், மேகம் எல்லாம். குடத்தை இடுப்பில் மாற்றிக்கொண்டு முழுவதையும் கேட்டாள்.

"மேல அந்தக் குவாட்டர்ஸ்ல கதவு இருக்குங்களா?"

"இருக்கு."

"உள்ளுக்குத் தாப்பா?"

"இருக்காம். துருப்பிடிச்சது."

"எண்ணெ போட்டுக்கலாம்," என்றாள். "மீனை அவரே புடிச்சதா இருந்துட்டுப் போகட்டும்."