தீர்த்தம் தெளித்த ட்ரக்டர்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் சவுந்தரநாயகத்தை ஆட்கள் நிமிர்ந்து பார்ப்பது ஆண்டில் ஒரே ஒரு நாள்தான். சூசையப்பர் திருநாளன்று, சுரூபம் ஏற்றிய தேரை இழுத்துப்போகும் பழைய ட்ரக்டரின் ஆசனத்தில் அவர் இருப்பார். துறைமுகப் பட்டறையில் முப்பத்தொரு வருடம் இயந்திரம் பூட்டும் பிற்றராக இருந்தபோது அவரை யாருக்கும் தெரியாது. ஓய்வு பெற்ற பிறகு, கேட்கவே வேண்டாம். அந்த ஒரு மாலை மட்டும் மாடிவீட்டுப் பெண்கள் பூத் தூவுவார்கள். பூ சூசையப்பருக்குத்தான். ஆனாலும் பாதி அவர் தலையில் விழும்.

போன வருடம் சந்தியில் ட்ரக்டர் நாலு தரம் இருமிவிட்டு நின்றுபோனது. இந்த முறையும் நின்றால் அதை விற்றுவிட்டு லொறி பிடிப்பது என்று திருநாள் கமிட்டி தீர்மானித்தது. அதைச் சொல்லச் செயலாளர் பிறிஜெற் டீச்சர் வீட்டுக்கே வந்தார்.

"கோவிக்காதீங்க சவுந்தரம் அண்ணே. சூசையப்பரை நடு ரோட்டில நிப்பாட்டி வைக்கேலாது."

"நிக்காது டீச்சர். வருத்தம் எங்கேயெண்டு எனக்குத் தெரியும்."

நோய் மெனிபோல்டில் இருந்தது. எஞ்சினின் விலாவோடு பூட்டியிருக்கும் வார்ப்பிரும்பு அது. பெற்றோலும் காற்றும் உள்ளே போவதும், புகை வெளியே வருவதும் அதற்குள்ளால்தான். எழுபது வருடச் சூட்டில் நடுவே வளைந்துபோயிருந்தது. வளைந்த இடத்தால் எஞ்சின் வெறுங்காற்றை உறிஞ்சி இருமியது. அவர் அதைக் கழற்றி, சாக்கில் சுற்றி, பஞ்சிகாவத்தை லேத்துக்கடைக்குச் சுமந்துபோனார். எஞ்சினோடு சேரும் முகத்தைக் கண்ணாடிபோல மட்டமாகச் சீவுவித்தார். இனி இடையில் புதுக் காஸ்கெட் தகட்டைப் பசை எதுவும் பூசாமல் வைத்து, நடு நட்டிலிருந்து ஓரத்துக்கு இறுக்கி, ஒருமுறை ஓடவிட்டு, ஆறியதும் மறுபடி இறுக்கவேண்டும். அவ்வளவுதான் வேலை.

வெள்ளிக்கிழமை கல்கிசையில் மைத்துனர் செத்துப்போனார். மெனிபோல்டை, ட்ரக்டர் நிற்கும் கோயில் கொட்டகை மேசையில் வைத்துவிட்டுச் சவுந்தரநாயகம் சாவீட்டுக்குப் போனார். திருநாளான ஞாயிறு காலை திரும்பி வந்தபோது ட்ரக்டர் தலை முதல் கால் வரை வெள்ளிப் பெயின்டில் மின்னியது. மெனிபோல்டும் பூட்டியாகியிருந்தது.

பக்கத்தில் றொஹான் நின்றான். மிலானில் இருந்து வந்தவன். இந்த வருடத் திருநாளைத் தன் செலவில் எடுத்துச் செய்பவன்.

"எப்பிடி அங்கிள்? புதுசு மாதிரி இல்லையா?"

"இதை ஆர் பூட்டினது?"

"நானும் பெயின்டரும்தான். போனில வீடியோ பாத்துப் பாத்துப் பூட்டினோம். லீக் ஆகாம இருக்க ஒரு டியூப் சிலிக்கன் பசையும் அப்பினோம்."

"தம்பி, சீவின முகத்திலயும் பெயின்ட் அடிச்சீங்களா?"

"எல்லா இடமும்தான். சூசையப்பருக்கு அரைகுறையாச் செய்யேலுமா?"

சவுந்தரநாயகம் ஸ்பானரை எடுத்தார். சூடேறினால் பெயின்ட் எரிந்து பொரியும், இடைவெளி விழும், எஞ்சின் பழையபடி காற்றை உறிஞ்சும். சுரண்டிப் பூட்ட இரண்டு மணித்தியாலம் போதும். பவனிக்கு இன்னும் ஆறு மணித்தியாலம் இருந்தது.

"ஐயோ அண்ணே!" பிறிஜெற் டீச்சர் ஓடிவந்தார். "காலைப் பூசையோட பாதர் தீர்த்தம் தெளிச்சாச்சு. மாலையும் போட்டாச்சு. இனி இதில இரும்பு படலாமா?"

படக்கூடாது. அது அந்தக் கோயில் வழக்கம். அந்த வழக்கத்தை எல்லோரையும்விடக் கறாராகக் காத்தவரும் சவுந்தரநாயகம்தான். மூன்று வருடத்துக்கு முன், தீர்த்தம் தெளித்த பிறகு மாலைக் கம்பியைக் குறட்டால் முறுக்கப்போன ஒருவனைத் தேர் நின்ற முற்றத்தில் வைத்து வாய்க்கு வந்தபடி ஏசித் துரத்தியிருந்தார். அவன் இப்போது கொடி பிடித்துக்கொண்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

சவுந்தரநாயகம் ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"பாதரிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே," என்றாள் வீட்டில் மனைவி மரியகொறற்றி. "அவர் என்ன, ஆளைக் கடிப்பாரா?"

"ஊருக்கொரு சட்டம், எனக்கொரு சட்டமா?"

"அப்ப ஏறாதீங்க. அந்த மிலான்காரன் ஓட்டட்டும்."

அதற்கு அவரால் முடியவில்லை. நாலு மணிக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். ஜம்பட்டா வீதி வரை பூ விழுந்தது. பிறகு பெயின்ட் கருகும் நாற்றம் வந்தது. பிறகு இருமல். சரியாகப் போன வருடம் நின்ற அதே சந்தியில் எஞ்சின் அடங்கியது. இளந்தாரிகள் ட்ரக்டரைக் கழற்றி ஓரமாகத் தள்ளிவிட்டு, தேரைக் கயிறு போட்டு இழுத்துக்கொண்டு போனார்கள். றொஹான் போனைத் தூக்கிப் பிடித்து மிலானில் இருப்பவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான்: "வெளிய பாருங்க, எவ்வளவு வடிவு! உள்ளுக்க வேலை செய்தது நம்ம அங்கிள். என்ன செய்ய, வயசு போயிட்டு."

அவர் ஆசனத்தில் இருந்தபடியே அதைக் கேட்டார். சட்டையில் ஒட்டியிருந்த பூவை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டார்.

அடுத்த மூன்று நாளும் கொட்டகையில் தனியாக இருந்து மெனிபோல்டைக் கழற்றி, கருகி இறுகிப்போன வெள்ளிப் பெயின்டைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி, புதுக் காஸ்கெட் வைத்து நடுவிலிருந்து ஓரத்துக்கு இறுக்கினார். சுரண்டிய கரியை ஒரு பேப்பரில் மடித்துப் பிறிஜெற் டீச்சரிடம் கொண்டுபோய்க் காட்டினார்.

"இப்ப இதைப் பாத்து என்ன அண்ணே," என்றார் டீச்சர். "குடுக்கிறதெண்டு முடிவாச்சு."

வியாழக்கிழமை பழைய இரும்பு வாங்கும் அர்ஷாத் லொறியோடு வந்தான். ஏற்ற ஆள் தேடினான். "தேவையில்லை," என்று சவுந்தரநாயகம் ட்ரக்டரில் ஏறினார். முதல் தரத்திலேயே பிடித்தது. பிசிறில்லாத சத்தம். பலகை வழியே ஒரு இருமல்கூட இல்லாமல் லொறிக்குள் ஏற்றி நிறுத்தினார். வேடிக்கை பார்க்க அங்கே யாரும் இல்லை.

"நல்லாத்தானே ஓடுது அங்கிள்! ஏன் குடுக்கிறாங்க?"

"ஆறினதும் அந்த நட்டுகளை இன்னொருக்கா இறுக்க வேணும்," என்றார் அவர்.

அர்ஷாத் சிரித்தான். "நாளைக்குக் காஸ் போட்டு வெட்டப்போறதுக்கு எதுக்கு அங்கிள் இறுக்குறது?"

சவுந்தரநாயகம் இறங்கவில்லை. ஸ்பானரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு எஞ்சின் ஆறும்வரை அப்படியே இருந்தார். அர்ஷாத் இரண்டு தரம் ஹோர்ன் அடித்தான்.